கொசுறாகக் கேட்ட நாற்பத்து மூன்று டிஸ்க்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால், மழைக்காலத்தில் தான் ஒரு தெரு என்பதையே மறந்துவிடும் ஒரு தெருவில், மூன்றாவது வீடு ராபினுடையது. வழி கேட்பவர்களுக்குக் கதவு எண் சொல்லத் தேவையில்லை. எந்த வீட்டு கேட்டுக்கு வெளியே வீட்டுக்காரரே உள்ளே போக முடியாமல் கைபேசியைத் தட்டிக்கொண்டு நிற்கிறாரோ, அதுதான்.

வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் ராபின் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன். சம்பளத்துக்கு எட்டு மணி நேரம் கம்பெனியின் மின்சாரத்தைச் சரிசெய்வான். மிச்ச நேரத்தில் தன் வீட்டு மின்சாரத்தைக் கெடுப்பான். கேட்டைக் கைபேசியால் திறக்கிற மாதிரி அமைத்தது அவன்தான். கரண்ட் போனால் கேட் திறக்காது என்பதைக் கண்டுபிடித்தது அவன் மனைவி ஷைனி. அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, சாப்பாட்டுப் பையோடு காம்பவுண்டுச் சுவரேறிக் குதித்து வீட்டுக்குள் போகப் பழகியவள். பார்த்துப் பழகிக் கட்டிக்கொண்ட கல்யாணம் என்பதால், குதித்த பிறகு என்ன தோன்றுகிறதோ அதை அப்படியே முகத்துக்கு நேராகச் சொல்லும் உரிமையும் அவளுக்கு உண்டு.

பாதுகாப்பு விஷயத்தில் ராபினை யாரும் குறை சொல்ல முடியாது. வீட்டு வைஃபைக்கு இருபத்திரண்டு எழுத்துப் பாஸ்வேர்டு. கிறிஸ்துமஸுக்கு வந்த உறவுக்காரர்கள் மூன்று தடவை அடித்துப் பார்த்துவிட்டு, நாலாவது தடவை ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்கள். வாசலில் கேமரா, கொல்லையில் கேமரா. திருட வருகிறவன் என்னத்தைத் திருடுவான் என்று ஷைனி கேட்டதற்கு, "கேமராவத்தான்" என்று அவனே ஒருநாள் ஒப்புக்கொண்டான்.

அந்தக் கேமராக்களின் படத்தையெல்லாம் சேமித்து வைக்க ஒரு பழைய கம்ப்யூட்டர் வேண்டுமென்றுதான், அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் முடிந்த கையோடு குப்பம்மாளின் காயலாங்கடைக்குப் போனான்.

குப்பம்மாளுக்கு அறுபது நெருங்குகிறது. நாற்பது வருஷமாகச் சிப்காட் கழித்துப் போடுவதை எடை போட்டு வாங்குகிறவள். கம்பெனிகள் கம்ப்யூட்டரை வாங்கும்போது அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று பத்துப் பேர் கூடிப் பேசுவார்கள். விற்கும்போது ஒரே கேள்விதான், எத்தனை கிலோ. அன்று அவள் கடையில் ஒரு லோடு வந்து இறங்கியிருந்தது. ஆட்கள் எல்லாப் பெட்டியிலிருந்தும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தனியாக ஒரு கோணியில் போட்டிருந்தார்கள். ஒரு பெட்டியில் மட்டும் திருகாணி துருப்பிடித்துக் கழலவில்லை. அதை அப்படியே கிலோ கணக்கில் ராபின் வாங்கினான்.

"கோணில கீறதுலாம் இன்னா யக்கா?" என்று சும்மா கேட்டு வைத்தான்.

"அதுவா? நாப்பத்து மூணு டிஸ்க்கு. புதன்கெழம நாலு மணிக்கு மெட்ராஸ்ல இருந்து லோகு வந்து அள்ளிக்கினு பூடுவான். தொடச்சி, ஸ்டிக்கர் ஒட்டி, புதுசுன்னு விப்பான். ஒனுக்கு இன்னாத்துக்கு நைனா?"

"சும்மாதான்" என்றான் ராபின். அப்போது அது நிஜமாகவே சும்மாதான்.

வீட்டுக்கு வந்து துருப்பிடித்த திருகாணியை எண்ணெய் விட்டு இளக்கி, டிஸ்க்கைத் தன் லேப்டாப்பில் மாட்டினான். காலி என்றது. இலவசமாகக் கிடைக்கும் ஒரு மீட்பு மென்பொருளை ஓட விட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். பிரியாணி முடிவதற்குள் காலி டிஸ்க் நிரம்பி வழிந்தது. அது அவனுடைய கம்பெனியில், தொழிலாளர் கணக்கு வைக்கும் பர்சனல் செக்‌ஷன் கம்ப்யூட்டரின் டிஸ்க். அறுநூற்றுப் பன்னிரண்டு தொழிலாளர்களின் ஆதார் அட்டை, பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், புகைப்படம், கைபேசி எண், நாலு வருஷத்துச் சம்பளச் சீட்டு. கூடவே 'பாஸ்வேர்டு' என்றே பெயர் வைத்த ஒரு கோப்பு, தேடுகிறவனுக்குச் சிரமம் வேண்டாமென்று.

"காலின்னு சொல்லிச்சே?" என்றாள் ஷைனி, தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து.

"ஃபார்மேட் பண்ணா காலின்னுதான் காட்டும். அது கட போர்ட எறக்கிட்டு, கடையே இல்லன்னு சொல்ற மாதிரி. சரக்கு உள்ளதான் கீது. எவன் வேணா ஷட்டரத் தூக்கலாம்."

"அப்ப என்னோடதும்?"

"எல்லாரோடதும்."

ஷைனி கை கழுவப் போனாள். அவள் திரும்புவதற்குள், 'எஸ்' வரிசையில் ராபின் அவளுடைய கோப்பைத் திறந்தான். பாதுகாப்புச் சோதனைக்காகத்தான். சம்பளச் சீட்டில் ஓவர்டைம் என்ற வரியில் ஒரு தொகை இருந்தது. ஓவர்டைமுக்குக் காசே தருவதில்லை என்று இரண்டு வருஷமாக ஷைனி திட்டிக்கொண்டிருந்த கம்பெனி, இரண்டு வருஷமாக மாதம் தவறாமல் கொடுத்திருந்தது. ராபின் ஒரு தடவை கண்ணைச் சிமிட்டினான். கோப்பை மூடினான். தண்ணீர்க் குழாய் நிற்கும் சத்தம் கேட்டது.

ஆக, ஒரு டிஸ்க்கில் இவ்வளவு. கோணியில் அதே லோடில் வந்த நாற்பத்து மூன்று. அத்தனையும் புதன்கிழமை நாலு மணிக்கு லோகுவின் வண்டியில் ஏறினால், ஷைனியின் பாஸ்புக்கும் ஆதாரும் எந்த ஊரில் எவன் கையில் இருக்கும் என்று கர்த்தருக்குத்தான் தெரியும்.

திங்கட்கிழமை ராபின் சிஸ்டம் மேனேஜர் வரதனைப் பார்க்கப் போனான். வரதன் அறையில் ஒரு ஃபயர்வால் பெட்டி பச்சை விளக்கோடு மின்னிக்கொண்டிருந்தது. போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு அதன் காற்றோட்டத் துளையை அடைத்திருந்தது. சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ்: தகவல்களைப் பாதுகாப்பாக அழிப்பதில் இந்த நிறுவனம் சிறந்தது என்று வரதனே எழுதி, வரதனே சரிபார்த்து, வரதனே கையெழுத்திட்டது.

ராபின் நடந்ததைச் சொன்னான். வரதன் நாற்காலியில் சாய்ந்தார்.

"ஃபார்மேட் பண்ணியாச்சு ராபின்."

"சார், ஃபார்மேட் பண்ணா அழியாது சார். நானே பாத்தேன்."

"பாத்தியா? ஃபார்மேட் பண்ணத எப்படிப் பாத்த?"

"ஒரு சாஃப்ட்வேர் போட்டு..."

"அதுக்குப் பேரு ஹேக்கிங். நம்ம கம்பெனி டேட்டாவ நீ வீட்ல வெச்சிக்கினு கீற. இத நான் ரிப்போர்ட் பண்ணா இன்னா ஆவும் தெரியுமா?" குரலைத் தணித்துக்கொண்டார். "குடும்பஸ்தன். ஷைனியும் இங்கதான வேல செய்யுது? போயி ரெண்டாவது பிளான்ட் பம்ப்ப பாரு."

இது, கடையில் திருட்டுப் போகிறது என்று சொல்ல வந்தவனையே தூணில் கட்டுகிற நிர்வாகம் என்பது ராபினுக்குப் புரிந்தது. இனி ஒரே வழிதான். கோணியைத் தானே வாங்கிவிட வேண்டும். கையில் இருந்தது இரண்டாயிரம் ரூபாய்.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டு, லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு, இரண்டு மணிக்கே குப்பம்மாள் கடைக்குப் போனான். போகும் வழியெல்லாம் பாடம் படித்துக்கொண்டே போனான். வேண்டிய பொருளைப் பார்க்கக் கூடாது. வேண்டாத பொருளை ஆசையாகப் பார்க்க வேண்டும். பேரத்தின் பாலபாடம் அது. ஆகவே குப்பம்மாளுக்கும் தெரிந்த பாடம் என்பதுதான் அவனுக்குத் தோன்றவில்லை.

மூலையில் கிடந்த ஒரு பழைய சீலிங் ஃபேனைத் தேர்ந்தெடுத்தான். மூன்று இறக்கையில் ஒன்று வளைந்து, மற்ற இரண்டோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது.

"இது இன்னா வெல யக்கா?"

"அறநூறு."

"அறநூறா? இது சுத்துனா ஊடே சுத்தும்."

"அப்ப ரெண்டு வேல ஒரே வெலைக்கு. எடுத்துக்க."

இருபது நிமிஷம் அந்த ஃபேனுக்காக ராபின் உயிரை விட்டான். சுற்றிப் பார்த்தான். தட்டிப் பார்த்தான். பெரியபாளையத்தம்மன் படத்துக்குக் கீழே தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குப்பம்மாள், அவன் ஃபேனைப் பார்த்த நேரத்தையும் கோணியைப் பார்க்காமலிருக்கப் பட்ட பாட்டையும் ஒன்றாக நிறுத்துக்கொண்டிருந்தாள். ஐந்நூறுக்கு முடிந்தது. காசை எடுத்து நீட்டியபடியே, காய்கறிக்காரனிடம் கறிவேப்பிலை கேட்கிற குரலில் ராபின் சொன்னான்:

"அப்புறம் அந்தக் கோணிய கொசுறாப் போட்டுரு யக்கா. பசங்களுக்கு வெளாட காந்தம் கெடைக்கும்."

குப்பம்மாள் காசை வாங்கி மடியில் செருகினாள்.

"ஒனுக்குப் பசங்களே இல்லியே நைனா."

"அக்கம்பக்கத்துப் பசங்க."

"நாப்பத்து மூணு பசங்களா?" அவள் வெற்றிலையை ஒதுக்கினாள். "டிஸ்க்கு ஒண்ணு எரநூறு."

"எரநூறா! லோகுவே அம்பதுக்குத்தான எடுப்பான்?"

"லோகுக்கு வெலைக்கி வோணும். ஒனுக்கு கொசுறா வோணும். கொசுறா கேட்டு இப்புடி வேர்க்கறவன நான் இன்னிக்கித்தான் பாக்குறேன்."

ராபின் அடுத்த பாடத்தை எடுத்தான். விலை படியவில்லையென்றால் நடந்துவிட வேண்டும். பத்தடிக்குள் பின்னாலிருந்து குரல் வரும். "வேணாம் வுடு யக்கா" என்று ஃபேனைக் கூட எடுக்காமல் நடந்தான். பத்தடி ஆயிற்று. இருபது ஆயிற்று. ரோட்டு முனைக்கே வந்துவிட்டான். குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தான். அது வாரே இல்லாத செருப்பு. பின்னாலிருந்து குரல் வந்தது. ஆனால் அவனை அழைத்து அல்ல.

"இன்னா லோகு, எங்க கீற? கவரப்பேட்டயா? நாலு மணி வரைக்கும் இன்னாத்துக்கு, இப்பவே வா. இங்க ஒருத்தன் டிஸ்க்க கண்டுக்கினு நாக்கத் தொங்கப் போட்டுக்கினு கீறான். அதுல இன்னாவோ கீது. பழைய வெல கெடயாது சொல்லிட்டேன்."

கவரைப்பேட்டையிலிருந்து வர அரை மணி நேரம். லாரிகள் வழிவிட்டால் இருபது நிமிஷம். நாலு மணிக்கு வரவேண்டியவனை மூன்று மணிக்கே வரவழைத்து, ஒன்றுமில்லாத சரக்கில் ஏதோ இருக்கிறது என்று ஊரறியச் சொன்ன பெருமை முழுக்க ராபினுக்கே. வரதன் கூட ஒரு வாரத்தில் செய்யாததை அவன் அரை மணியில் செய்து முடித்திருந்தான்.

திரும்பி நடந்தான். கடைக்கு வந்து, பேரத்தில் யாரும் செய்யக் கூடாததைச் செய்தான். உண்மையைச் சொன்னான்.

"யக்கா, அதுல எங்க கம்பெனி ஆளுங்க ஆதாரு, பாஸ்புக்கு எல்லாம் கீது. எவன் கைக்கோ போச்சின்னா பேஜாராப் பூடும்."

"ஆதாரா?" குப்பம்மாளுக்கு ஏமாற்றமாக இருந்தது. "அதான் எல்லா ஜெராக்ஸ் கடயிலயும் கட்டு கட்டா கீதே. போன வாரம் அதுலதான் பஜ்ஜி மடிச்சிக் குடுத்தான்."

ராபின் கைபேசியைப் பார்த்தான். மணி இரண்டு நாற்பது. அப்போதுதான் அவனுக்குக் குப்பம்மாளின் மகள் இளமதி ஞாபகம் வந்தாள். பேக்கிங்கில் ஷைனிக்குப் பக்கத்து மேஜைக்காரி. ராபின் யோசிக்கவில்லை. பையிலிருந்து லேப்டாப்பை எடுத்துத் தராசின் மேலேயே வைத்தான். தராசு இரண்டு கிலோ நூறு கிராம் என்று காட்டியது.

"இதப் பாரு. ஒரே ஒரு டிஸ்க்குல இருந்து எடுத்தது. இது யாரு?"

திரையில் இளமதியின் புகைப்படம். குப்பம்மாள் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். ஆதார், பாஸ்புக், அப்புறம் சம்பளச் சீட்டு. அவளுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. ஆனால் எண் தெரியும். நாற்பது வருஷமாக எடைக்கும் காசுக்கும் நடுவே உட்கார்ந்திருப்பவளுக்கு, எந்தத் தாளிலும் கண் நேராகக் கடைசி வரிக்குத்தான் போகும்.

"இது இன்னா நெம்பரு?"

"பிடிச்சது போக கைக்கு வந்தது யக்கா. பதினாலாயிரத்து முந்நூத்தி..."

சொல்லி முடிப்பதற்குள்ளேயே ராபினுக்கு உறைத்தது.

"பத்தாயிரம்னு சொன்னாளே" என்றாள் குப்பம்மாள், மிக அமைதியாக. "மாசா மாசம் பத்தாயிரத்த என் கையில குடுத்துட்டு, பஸ்ஸுக்கு எரநூறு திருப்பி வாங்கிக்கினு போவாளே."

அறுநூற்றுப் பன்னிரண்டு பேருடைய தகவல்கள் ஆபத்தில் இருந்தன. அவற்றில் முதன்முதலாக ஒன்று கசிந்தது. கசிய விட்டவர், இருபத்திரண்டு எழுத்துப் பாஸ்வேர்டுக்காரர்.

குப்பம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். "இத லோகு வாங்கினா அவனும் பாப்பானா?"

"பாப்பான். அவங்கிட்ட வாங்கறவனும் பாப்பான்."

"இவள பொண்ணு கேட்டு ஊத்துக்கோட்ட பக்கத்துல இருந்து வர்றாங்க. பொண்ணுக்கு எட்டாயிரம்தான் சம்பளம்னு சொல்லி வெச்சிக்கினு கீறேன். நெசம் தெரிஞ்சா மாப்புள கேக்குற சீருல இருந்து பைக்கு வரைக்கும் எல்லாம் ஏறும்." அவள் எழுந்தாள். "எதிராளி வெலய நாம தெரிஞ்சிக்கணும். நம்ம வெல எதிராளிக்குத் தெரியக் கூடாது. அவ்ளோதான நைனா நீ சொல்றது? இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா, ஃபேனத் தட்டிக்கினு கெடந்த?"

எட்டு வருஷமாக ராபின் இணையத்தில் படித்த தகவல் பாதுகாப்புக் கட்டுரைகள் எதிலும் இந்த விஷயம் இவ்வளவு சுருக்கமாக இருந்ததில்லை.

அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தது. ராபின் டிஸ்க்குகளில் துளைபோட வேண்டும் என்றான். ஒவ்வொன்றுக்கும் மூன்று துளை, குறுக்காக என்று விளக்க ஆரம்பித்தான். குப்பம்மாள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் கட்டுமானக் கம்பி வெட்டும் மிஷினை ஓட்டச் சொன்னாள். ஒவ்வொரு டிஸ்க்காக அதன் வாயில் கொடுத்தார்கள். முறுக்கு கடிக்கிற சத்தம். வட்டத் தகடுகள் பாதி பாதியாகத் தெறித்தன. ராபின் லேப்டாப் பையில் கொண்டுவந்த, திருகாணி துருப்பிடித்த அந்த முதல் டிஸ்க்கும் நாற்பத்து நான்காவதாக உள்ளே போனது.

கடைசி இரண்டு இருக்கும்போது லோகுவின் மினி வண்டி வந்து நின்றது. இறங்கியவன் குவியலைப் பார்த்துத் தலையில் கை வைத்தான்.

"இன்னா யக்கா இது! இன்னாவோ கீதுன்னு போன் பண்ணிட்டு, ஒடச்சி வெச்சிக்கினு கீற?"

"இன்னாவோ கீதுன்னுதான் சொன்னேன். அலுமினியம் கீது. எடுத்துக்க."

"இது அலுமினியம் வெலைக்கா?"

"சுத்தமான தகடுடா. கடயில வாங்குற அலுமினியத்துல இப்புடி மொகம் பாக்க முடியுமா?"

இருவரும் கிலோவுக்கு நாலு ரூபாய் வித்தியாசத்தில் வந்து நின்று சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது, ராபின் தன் ஐந்நூறு ரூபாய் ஃபேனைத் தோளில் போட்டுக்கொண்டு நழுவினான். ஃபேன் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தான். வித்த சரக்கு வித்ததுதான் என்று குப்பம்மாள், லோகுவிடம் பேசும் பேச்சை நிறுத்தாமலே, சொல்லிவிட்டாள்.

அடுத்த வாரம் கம்பெனியில் தகவல் பாதுகாப்பு வாரம் கொண்டாடினார்கள். எல்லாரும் கையை நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள். சிறந்த தகவல் பாதுகாவலர் கேடயத்தை வரதன் வாங்கிக்கொண்டார். கைதட்டியவர்களில் ராபினும் ஒருவன். பம்ப் பார்த்த எண்ணெய்க் கையில் சத்தம் சரியாக எழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ராபின் அந்த ஃபேனைக் கூடத்தில் மாட்டி, கைபேசியில் தட்டினால் சுற்றும்படி செய்து, அதை நிறுத்த வழி தெரியாமல் நின்றுகொண்டிருந்தான். அப்போது கேட்டுக்கு வெளியே ஒரு பெண் வந்து நின்றாள். கேட் திறக்கவில்லை. அவளும் சுவரேறிக் குதித்தாள். பேக்கிங் பிரிவில் எல்லாருக்கும் அந்தப் பழக்கம் வந்துவிடும் போல.

"ராபின்ணா, என் சீட்ட எங்கம்மாக்கு காட்டுனது நீதான?" என்றாள் இளமதி, செருப்பைக் கூடக் கழற்றாமல்.

"அது... வேற வழி இல்லம்மா. எல்லாரோடதும் போயிருக்கும்..."

"பொன்னேரில தையக் கடைக்கு அட்வான்ஸ் குடுக்க நாலு வருஷமா சேத்தது. மாசம் நாலாயிரம். எங்கம்மா ஒரே சாயங்காலத்துல பேசிப் பேசி முக்காவாசிய கறந்துட்டாங்க. புது தராசு வந்து எறங்கியிருக்கு கடயில. வேணா போயி ஏறி நின்னு பாரு."

ராபின் தலை குனிந்தான்.

"டிஸ்க்க மிஷின்ல வுட்டு வெட்டுனியாமே. எங்கம்மா தலைக்குள்ள ஏறுன நெம்பர எந்த மிஷின்ல வுட்டு வெட்டுவ?"

ஷைனி உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இளமதி அதைக் குடித்துவிட்டு, "மிச்சம் இருக்கறதுல தவணைக்கு மிஷின் எடுக்கப் போறேன் ஷைனிக்கா, அதையும் இந்தாளுக்குச் சொல்லாத" என்று அவனுக்கு எதிரிலேயே சொல்லிவிட்டு, வந்த வழியாகவே சுவரேறிப் போனாள்.

ஃபேன் தலைக்கு மேலே, வளைந்த இறக்கையை நொண்டி நொண்டி இழுத்துச் சுற்றிக்கொண்டிருந்தது. ஷைனி காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"பேக்கிங் செக்‌ஷன் முழுக்க அந்த லேப்டாப்புலதான இருந்துச்சி?"

"ம்."

"என் சீட்டையும் பாத்தியா?"

ராபின் அவசரமாகக் கைபேசியைத் தட்டினான். ஃபேன் இன்னும் வேகமெடுத்தது.

"லேப்டாப்பையே ஃபார்மேட் பண்ணியாச்சு ஷைனி."

ஷைனி டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"போர்ட எறக்கிட்ட, சரி" என்றாள். "சரக்கு எங்க கீது?"